கரைந்துபோன வளையம்

டெஸ்லி பாஸ்கோ, பல்லாரட் நகரத்து ஆய்வுக்கூடத்தில் பாதி வாழ்நாளைச் செலவிட்டது, காணாமல் போகவேண்டிய ஒரு பொருளைச் செய்வதற்காக. மூச்சுக்குழாய் தொய்ந்து பிறக்கும் குழந்தைகளுக்கு, அந்தக் குழாயைச் சுற்றித் தைக்கிற பாலிமர் வளையம் அது. குழாய் கெட்டிப்படும்வரை தாங்கிப் பிடித்துவிட்டு, உடம்பின் ஈரத்திலேயே கரைந்துவிட வேண்டும். முந்திக் கரைந்தால் குழாய் ஒட்டிக்கொள்ளும்; கரையாமல் நின்றால் வளர்கிற பிள்ளையின் கழுத்தை நெரிக்கும். கலவையை மாற்றி மாற்றிப் பார்த்ததில் அவளுடைய கல்யாணம் தள்ளிப்போய், கடைசியில் நின்றேபோனது. அதற்காக அவள் அழுததாக யாரும் சொல்லவில்லை.

கடைசிச் சோதனை, வளையம் தைத்த செம்மறிகளில். கொட்டகையில் ஆட்டுக்குப் பெயர் வைக்கக் கூடாது, காது வில்லையில் இருக்கிற எண்தான் என்று புதியவர்களிடம் கறாராகச் சொல்பவளே டெஸ்லிதான். ஊருக்குத்தானே உபதேசம்! பத்தொன்பதாம் எண் ஆட்டுக்கு ‘மாட்ஜ்’ என்று பெயர் வைத்து, கோட்டுப் பையில் இஞ்சி பிஸ்கட்டும் கொண்டுபோனாள். கொட்டகை பார்த்துக்கொள்ளும் மெர்வ் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

“என்ன டெஸ்லி, பொண்ணுக்கு டீயும் போட்டுக் கொண்டாந்திருக்கலாமே?”

“வாய மூடு மெர்வ். அது மூச்சு விடற சத்தத்தக் கேக்க வந்தேன்.”

“எனக்கு பிஸ்கட்ட மெல்லற சத்தந்தான் கேக்குது.”

வளையம் கரைந்ததா என்பதை ஆட்டைக் கொன்று, குழாயை மெல்லிய சில்லுகளாக வெட்டி, கண்ணாடியில் வைத்து நுண்நோக்கியில் பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும். மற்ற ஆடுகள் போய்விட்டன. மிஞ்சியது மாட்ஜ். அதன் முறை ஜூனில். அதன் முடிவு வந்தால்தான் முதல் குழந்தைக்கு வளையம் தைக்க அனுமதி கிடைக்கும். மெல்பர்ன் மருத்துவமனையில் வில்லா என்ற கைக்குழந்தை, மூச்சுக் கருவியோடு, அதற்குத்தான் காத்துக்கொண்டிருந்தது.

டெஸ்லி அறுவை மருத்துவர் ஆங்கஸை அழைத்தாள். “இன்னும் கொஞ்ச நாள் பொறுக்குமா குழந்தை?”

“செப்டம்பர் வரைக்கும் சமாளிச்சுடும்னு நினைக்கிறேன்.”

அந்த ‘நினைக்கிறேன்’ அவளுக்குப் போதுமாயிருந்தது. கூடுதலாக இரண்டு மாதம் கவனித்தால் சோதனைக்கு வலுச் சேரும் என்று அனுமதி தரும் குழுவில் சொன்னாள். வளையத்தை வடிவமைத்தவளே கேட்கும்போது யார் மறுப்பார்கள்? அந்தக் குளிர்காலம் முழுக்க மாட்ஜ் பிஸ்கட் தின்றது.

ஆகஸ்டில் ஆங்கஸ் அழைத்தான்.

“வில்லா போயிட்டா, டெஸ்லி. சளிதான் பிடிச்சது. நெஞ்சு தாங்கல.”

டெஸ்லி போனோடு எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினாள்.

“நீ ஏன் தள்ளிப்போட்ட? வளையத்துல ஏதாவது சந்தேகமா?”

“இல்ல.”

“பின்ன?”

ஒரு ஆட்டின் மேல் வைத்த பாசம் என்று எந்த வாயால் சொல்வாள்? போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் கொட்டகைக்குப் போனாள். “மாட்ஜ எடுத்துக்கலாம், மெர்வ்.”

“நாள் இன்னும் இருக்கேம்மா.”

“யாருக்கு இருக்கு?”

மெர்வ் பட்டிக் கதவைத் திறந்துவிட்டார். ஊசி போடும்போது மாட்ஜின் தலையை டெஸ்லியே மடியில் பிடித்துக்கொண்டாள். அது பழக்கத்தில் அவள் கோட்டுப் பையை முகர்ந்தது.

சில்லுகள் வந்தன. ஆய்வுக்கூடத்து இளம் உதவியாளர்கள் கொண்டாடுவதற்கு லாமிங்டன் கேக் வாங்கி வைத்துக்கொண்டு, நுண்நோக்கியிலிருந்து அவள் நிமிர்வதற்காகக் காத்து நின்றார்கள். அவள் நிமிரவில்லை. வளையத்தில் கரையாத ஒரே ஒரு துணுக்கைத் தேடிக்கொண்டிருந்தாள். ஒன்று கிடைத்தால் போதும்; தள்ளிப்போட்டது சரிதான், ஜூனில் தைத்திருந்தாலும் வில்லா பிழைத்திருக்க மாட்டாள் என்று மிச்சக் காலத்தை ஓட்டிவிடலாம். வாழ்நாளெல்லாம் பாடுபட்டுச் செய்த வளையம் தோற்றிருக்க வேண்டும் என்று அன்றைக்கு மனதார வேண்டிக்கொண்டாள்.

எங்கேயும் ஒரு துணுக்கும் இல்லை. குழாய் தன்னந்தனியே திடமாக நின்றது.

“இன்னும் ரெண்டு சில்லு வெட்டுங்க,” என்றாள் டெஸ்லி.