சர்வரில் வேலை நடக்கிறது

எங்கள் வழக்கில் அப்பாவை அப்பச்சி என்போம். அப்பச்சியும் நானும் சேர்ந்து செய்த கடைசி வேலை, குளியலறைக் குழாய்க்கு வாசர் மாற்றியது. காரைக்குடியில், செக்காலைப் பக்கம் நாங்கள் குடியிருக்கும் இரண்டாம் மாடி ஃபிளாட். நான் குழாயைக் கழற்றினேன். அவர் டார்ச் பிடித்தார்.

"இங்குட்டுப் பிடிங்க அப்பச்சி. என் கண்ணுல அடிக்காதீக."

"குழாயைப் பாரு. என்னைய ஏன் பாக்குற?" சற்றுப் பொறுத்து, "விசாலி, தலையில மாட்டுற அந்தக் கண்ணாடி எப்ப சரியாகும்?" என்றார்.

"சர்வர்ல வேலை நடக்குது."

"நாலு மாசமாவா?"

"பெரிய வேலை, அப்பச்சி."

டார்ச்சை அணைத்தார். குழாய் சொட்டவில்லை. ஒன்பதாம் நாள், ஒரு வியாழக்கிழமை, நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துபோனார்.

நான் சொன்னது பொய். அந்த சர்வரை நான்கு மாதங்களுக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள்.

அவர் பெயர் முருகப்பன். ஊர் நாட்டரசன்கோட்டை. சிவகங்கையில் ஒரு பள்ளியில் முப்பத்திரண்டு வருடம் வேதியியல் ஆய்வக உதவியாளர். புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிப் பழகியவர் வீட்டிலும் எல்லாவற்றுக்கும் ஒட்டுவார். மிக்சி டப்பாவில் எந்த பிளேடு எதற்கு என்று சீட்டு இருக்கும். இன்னும் இருக்கிறது.

ஊரில் இருந்த வீடு ஐந்து புள்ளிகளுக்குப் பொது. கல்யாணமான ஆண்மகனின் குடும்பத்தை எங்களவர் ஒரு புள்ளி என்பார்கள். புள்ளிக்கு ஓர் அறை, அவரவர் பூட்டு. மற்ற நான்கு பங்காளிகளும் வெளியூர் போய்விட்டதால் சாவிகள் அப்பச்சியிடம் இருந்தன. கூட்டுவதற்குக்கூட அவர் அந்த அறைகளைத் திறந்ததில்லை.

வீட்டைக் கல்லும் மரமுமாகப் பிரித்து விற்றுவிடலாம் என்று ஆரம்பித்தது காசி அண்ணன், என் பெரியப்பச்சி மகன். நான்கு கையெழுத்து வந்துவிட்டது. ஐந்தாவது அப்பச்சியுடையது. இரண்டு வருடம் போடவில்லை. இருவருக்கும் பேச்சு நின்றது.

நான் அப்போது ஒரு ஐரோப்பிய நிறுவனத்துக்கு இங்கிருந்தபடியே வேலை பார்த்தேன். பழைய கட்டடங்களை அளந்து பதிவுசெய்து, தலையில் மாட்டும் விஆர் கண்ணாடிக்குள் நடந்து பார்க்கும்படி செய்யும் நிறுவனம். எட்டுப் பேர். எங்கள் வீட்டுப் பளிங்கும் நிலைக்கண்ணாடிகளும் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தவை. அதைச் சொல்லி அங்கே ஒரு கலாசார நிதிக்கு எழுதினேன். கிடைத்தது.

அளவெடுக்க இரண்டு பேர் வந்தார்கள். ஆறு நாள். அப்பச்சி முன்னால் நடந்து ஒவ்வோர் இடத்தையும் விளக்கினார். கேமராக்கள் அவரையும் சேர்த்துப் பதிந்தன. பூட்டிய அறை வந்ததும் நின்றுவிட்டார்.

"சாவி உங்ககிட்டதானே இருக்கு? திறங்க."

"இது காசி அறை. அவனைக் கேக்காம நான் எப்படித் திறக்க?"

"அவரோடதான் நீங்க பேசுறதே இல்லையே."

"அதுக்கும் கதவுக்கும் என்னடி சம்பந்தம்?"

நான்கு அறைகள் பூட்டிய கதவுகளாகவே பதிவாயின.

பதிவு தயாரானதும் அவரை முற்றத்து நடுவில் நிறுத்திக் கண்ணாடியை மாட்டிவிட்டேன். நடந்தார். திடீரென்று தலையைக் குனிந்தார். கண்ணாடிக்குள் வாசல் நிலை வந்திருந்தது.

பக்கத்தில் நின்ற ஆத்தா, என் அம்மா, சிரித்துவிட்டாள். "இல்லாத நிலைக்குக் குனியிறாக பாரு. எனக்கு ஒரு நாளாவது குனிஞ்சிருப்பீகளா?"

அவர் கழற்றவில்லை. உள்ளே இருந்தபடியே கேட்டார். "விசாலி, இது அழியாதே?"

"அழியாது. வீடே போனாலும் இது இருக்கும். நீங்க கையெழுத்துப் போடலாம் அப்பச்சி."

மறுநாள் போட்டார்.

அதற்கும் முன்பே, அளவெடுத்தபோது, இன்னொரு கையெழுத்தும் போட்டிருந்தார். நிறுவனத்தின் சம்மதப் படிவம். படிக்க மூக்குக்கண்ணாடியைத் தேடினார். "எல்லாம் வழக்கமா இருக்கிறதுதான்" என்று நான் பக்கத்தைப் புரட்டி, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன். பதிவு நிறுவனத்துக்குச் சொந்தம், நிறுவனம் மூடினால் பதிவு அழிக்கப்படும் என்று அதில் இருந்தது. எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் தெரியும். ஐரோப்பாவில் இந்தத் தொழில் எப்படி இருக்கிறது என்று ஓர் அறிக்கைக்காக நானே தகவல் திரட்டிக் கொடுத்திருக்கிறேன். நான் பார்த்த நிறுவனங்கள் பெரும்பாலும் ஐந்து பேர், பத்துப் பேர். கண்ணாடி அமெரிக்காவிலோ சீனாவிலோ செய்தது. படைப்புக்குப் பணம் அரசு நிதி. நிதிக்காலம் முடிந்தால் சர்வர் வாடகை கட்ட யாரும் இல்லை. செய்து முடித்த நல்ல வேலைகள் பல, இன்று திறந்து பார்க்க வழியில்லாமல் கிடக்கின்றன. இவ்வளவும் தெரிந்துதான் அழியாது என்றேன்.

வீட்டைப் பிரித்தார்கள். நாங்கள் ஃபிளாட்டுக்கு வந்தோம். தினமும் காபி குடித்ததும் அரைமணி நேரம் அப்பச்சி கண்ணாடிக்குள் போய்விடுவார். ஹாலில் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே குனிவார். ஒருநாள் கடைவீதியிலிருந்து வந்து சொன்னார்: "பழைய சாமான் கடையில நம்ம நிலையைச் சாத்தி வச்சிருக்கான்."

"ஐயோ, அப்பச்சி."

"இருக்கட்டும். வீட்லதான் இன்னொண்ணு இருக்கே."

நிறுவனம் மூடப்போகும் செய்தி ஒரு புதன்கிழமை மின்னஞ்சலில் வந்தது. இரண்டு நாள் அவகாசம். வியாழன் இரவு வரை நான் எழுதிய நிரல்களைப் படியெடுத்தேன், அடுத்த வேலைக்குக் காட்ட. வீட்டின் பதிவு மிகப் பெரிய கோப்பு. காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டேன். காலையில் என் கடவுச்சொல் செல்லவில்லை. ஐரோப்பாவில் யாரும் போனை எடுக்கவில்லை. ஒருவர் மட்டும் மன்னிக்கவும் என்று செய்தி அனுப்பினார். படிவத்தில் இருந்தபடியே எல்லாம் நடந்தது.

அவர்கள் என்னை நம்பவைத்துக் கைவிட்டார்கள்; அதையே முன்பே நான் அப்பச்சிக்குச் செய்திருந்தேன்.

கண்ணாடியில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி மட்டும் வந்தது. இணைப்பு இல்லை. சர்வரில் வேலை நடக்கிறது என்றேன். அவர் நம்பினார்.

காசி அண்ணன் வந்து காரியங்களை எல்லாம் முன்னின்று செய்தார். அவர் ஊருக்குப் போன பிறகு கண்ணாடிப் பெட்டியைத் திறந்தேன். தலையைச் சுற்றும் பட்டை இல்லை. மூடியில் அப்பச்சியின் சீட்டு: "பட்டை ஈஸ்வரி தையல் கடையில். வெள்ளிக்கிழமை வாங்கணும்."

கடை எங்கள் தெருமுனைதான். ஈஸ்வரி மிஷினை நிறுத்தினாள்.

"ஐயா வெள்ளிக்கிழம வாரேன்னாக. காணோமேன்னு பாத்தேன். பெறகுதான் கேள்விப்பட்டேன்."

"பட்டை அறுந்துபோச்சா?"

"அறுகல. நீளம் பத்தாதுன்னாக. 'எங்க காசிக்குத் தலை பெருசு, நாலு விரக்கடை கூட வச்சுத் தைச்சுடு'ன்னாக. சீக்கிரம் கண்ணாடிக்குள்ள வீடு திரும்ப வந்துருமாம்ல? பங்காளிகளை எல்லாம் கூப்பிட்டுக் காட்டணுமாம்."

ஈஸ்வரியே தொடர்ந்தாள்.

"தன் அறை பூட்டினது பூட்டினபடி இருக்குன்னு காசி பாக்கணும்னாக. 'எம்மக சொல்லிருக்கா, வந்துரும்'னு ஐயா அத்தனை தடவ சொன்னாக." மேஜை இழுப்பறையைத் திறந்தாள். "நூல் பொருந்துதா பாருங்க."

கறுப்புப் பட்டை. கறுப்பு நூல். நான்கு விரல் கூடுதல். ஊசி குத்திய ஒரு சீட்டில் அப்பச்சியின் எழுத்து: காசி.