பச்சைக் கண் ரோபோ

மாபெங்கு அம்மா டாக்ஸியில் ஏறினால் தன் வீட்டுக்குப் பக்கத்து நிறுத்தத்தில் இறங்கமாட்டார். அதைத் தாண்டிப் பள்ளிக்கூடத்தில் இறங்கி, வந்த வழியே திரும்பி நடப்பார். மழை கொட்டினாலும் சரி, தலையில் சோளமாவு மூட்டை இருந்தாலும் சரி. ஏன் இந்த வேண்டாத நடை என்று எங்கள் ஊர் க்வாம்பிலாவில் யாரும் அவரைக் கேட்டதில்லை. எல்லோருக்கும் காரணம் தெரியும்.

காரணம் அந்த நிறுத்தத்தின் பெயர். எங்கள் டாக்ஸி என்பது முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு ஒரு கூட்டமே உட்காரும் வேன். இறங்க வேண்டிய இடத்தைப் பின்னாலிருந்து சத்தமாகச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் டிரைவர் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பான். சர்ச் என்றால் சர்ச்சில் நிற்கும், ரொட்டிக்கடை என்றால் ரொட்டிக்கடையில் நிற்கும். மாபெங்கு வீட்டுப் பக்கம் இருக்கும் நாற்சந்தியில் நிற்கவேண்டுமென்றால் 'கொலைகார ரோபோ' என்று சொல்லவேண்டும். எங்கள் நாட்டில் ரோபோ என்றால் சிவப்பு, மஞ்சள், பச்சை காட்டும் சிக்னல் விளக்கு. இரும்பு மனிதனுக்கும் அதே பெயர் உண்டு என்பது படம் பார்க்கிறவர்களுக்கு மட்டும் தெரிந்த சமாச்சாரம்.

அந்த ரோபோ கொன்றது மாபெங்குவின் ஒரே மகளை. ஸிபுயிலே என்று பெயர். ரொட்டிக்கடையில் காலை வேலைக்குப் போகிற பெண். ஒருநாள் அந்த ரோபோவுக்கு என்ன கேடு வந்ததோ, எல்லாப் பக்கமும் பச்சை காட்டியது. கரும்பு லாரிக்காரனும் பச்சை பார்த்து வந்தான், குறுக்குச்சாலையில் கார்க்காரனும் பச்சை பார்த்து வந்தான். நடுவில் அவள் இருந்தாள். விசாரணையில் யார் மேலும் தப்பில்லை என்று முடித்தார்கள். மெஷின் கோளாறாம். பிறகு அந்த ரோபோவை அணைத்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவேயில்லை. புதுசும் வைக்கவில்லை, பழசையும் எடுக்கவில்லை. குருட்டுக் கம்பமாக நின்றுகொண்டிருக்கிறது.

அதற்கு முன்னால் மாபெங்குவின் வாய்க்கு ஊரே பயப்படும். கரும்புத் தோட்டத்தில் பிறந்து, ஆஸ்பத்திரித் துணி வெளுக்க இங்கே வந்தவர். புருஷன் ஜோகன்னஸ்பர்க் போய் ஜோகன்னஸ்பர்க்காரனாகவே ஆகிவிட்டான். தண்ணீர்க் குழாயடியில் அவர் நின்றால் மற்றவர்கள் வாளி நிறைந்த பிறகும் போகமாட்டார்கள், யாரை என்ன சொல்லிக் கலாய்ப்பார் என்று கேட்பதற்காக. என் டிங்கரிங் பட்டறையைப் பார்த்து, "பேகி, நசுங்குன காரு உங்கிட்ட வந்தா அழுதுகிட்டே வீட்டுக்குப் போகுதாமே" என்று சொல்லிவிட்டார். அந்தப் பேச்சு ஊர் முழுக்கச் சுற்றியது. மகள் போன பிறகு அந்த வாய் மூடிக்கொண்டது. காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் ஆரஞ்சு நிறச் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு நாற்சந்தியில் போய் நிற்பார். கையை நீட்டினால் லாரி நிற்கும். யாரும் அவரை அங்கே நிற்கச் சொல்லவில்லை, யாரும் சம்பளம் தரவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் லுங்கேலோ என்ற பையன் கேமராவோடு வந்து சேர்ந்தான். சின்ன வயதிலேயே தாயோடு ஜோகன்னஸ்பர்க் போனவன், சொந்த ஊரில் படம் எடுக்க ஆசைப்பட்டு வந்திருந்தான். ஒரு தொழிற்சாலையில் செய்த இரும்பு மனிதர்கள் புத்தி கெட்டுப்போய் ஊரையே அழிக்கிற கதை. கையில் காசு கிடையாது, ஆனால் படத்தில் நூறு ரோபோ வேண்டுமாம். பழைய கார் பானெட், ஓட்டை வெந்நீர் டேங்க், சாக்கடைக் குழாய் எல்லாவற்றையும் வெட்டித் தட்டி நான் செய்து கொடுத்தது ஒன்றரை. ஒன்று முழுசு. இன்னொன்றுக்கு இடுப்புக்குக் கீழே தகரம் தீர்ந்துபோனதால் அதை மதில் சுவருக்குப் பின்னால் நிற்க வைத்துத்தான் படம் பிடிக்க முடியும். முழு ரோபோவுக்குள்ளே போவது நான். அதை மாட்டினால் உட்கார முடியாது, மூக்கைச் சொறிய முடியாது. அரை ரோபோ டாக்ஸி டிரைவர் வுகானி. அவன் எப்படி வந்து மாட்டினான் என்பதைச் சொல்கிறேன்.

லுங்கேலோ மளிகைக்கடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டினான். 'கொலைகார ரோபோ. படம் எடுக்கிறோம். பேச விருப்பமுள்ளவர்கள் சனிக்கிழமை பள்ளிக்கூட ஹாலுக்கு வரவும்.' அவ்வளவுதான் எழுதியிருந்தான். படித்தவர்கள் எல்லோரும் என்ன நினைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை. சனிக்கிழமை ஹால் நிரம்பி வழிந்தது. லுங்கேலோவுக்குத் தலைகால் புரியவில்லை, ஊரே நடிக்க வந்திருக்கிறது என்று பூரித்துப் போனான். வுகானி முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு முறைத்தபடி உட்கார்ந்திருந்தான்.

"தம்பி, டாக்ஸிக்காரங்க மேல பழி போடுற படமா இது? அதச் சொல்லு மொதல்ல" என்றான்.

"இல்லண்ணே. எல்லாம் ரோபோவோட வேலதான்."

"அதானே. அப்ப சரி. நானும் வர்றேன்" என்று அவன் அங்கேயே சேர்ந்துவிட்டான்.

பிறகு மாபெங்கு எழுந்தார். சர்ச் பெண்கள் சங்கத்துச் சிவப்புச் சட்டை, கறுப்புப் பாவாடை, தலையில் வெள்ளைத் தொப்பி. சாவுக்கும் கல்யாணத்துக்கும் போடுகிற உடுப்பு. கேமரா முன்னால் போய் நின்றார். இத்தனை வருஷத்தில் அவர் அதைப் பற்றி வாய் திறந்து யாரும் கேட்டதில்லை.

"அது எப்பவும் ஒரு கண்ண மூடிக்கிட்டுதான் இன்னொரு கண்ணத் தொறக்கும். அன்னிக்கு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பாத்துச்சு. வா, வான்னு எல்லாரையும் கூப்புட்டுச்சு. அது கையும் நீட்டல, காலும் நீட்டல. நின்ன எடத்துலயே நின்னுச்சு. என் புள்ள அதத்தான் நம்பிப் போனா. நான் ஓடிப்போயி பாத்தப்பவும் அது பச்சையாத்தான் இருந்துச்சு. கொன்னுட்டோமேன்னு அதுக்குத் தெரியவே இல்ல."

லுங்கேலோ கேமராவிலிருந்து தலையைத் தூக்கினான். கண் கலங்கியிருந்தது. "அம்மா, எங்க கத்துக்கிட்டீங்க இப்படி நடிக்க? நீங்கதான் என் படத்துல பெரிய வேஷம்" என்றான்.

மாபெங்கு அவனை ஒரு மாதிரி பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். பையனைத் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு போய், வேப்பங்காய் கொடுக்கிற மாதிரி விஷயத்தைச் சொன்னேன். அவன் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். படத்தை நிறுத்திவிடலாமா, பேரை மாற்றிவிடலாமா என்று புலம்பினான்.

"பேர மாத்தி என்ன பண்ணுவ? அந்தம்மா நல்ல துணி உடுத்திக்கிட்டு வந்து சொல்லிட்டுப் போயிருச்சு. போயி நேராச் சொல்லு" என்றேன்.

சொல்வதற்கு அவன் இரண்டு மூன்று நாள் தைரியம் சேர்த்துக்கொண்டிருந்தான். அதற்குள் அவரே என் பட்டறைக்கு வந்துவிட்டார். படம் எடுக்கிறவர்களுக்கென்று எண்ணெயில் பொரித்த மாவு உருண்டைகளை ஒரு சட்டி நிறையக் கொண்டுவந்திருந்தார். அந்த நேரம் பார்த்து நான் ரோபோவுக்குள் இருந்தேன். முழங்கால் ஆணி மாட்டிக்கொண்டு நகர முடியவில்லை. பக்கத்தில் லுங்கேலோ ஸ்பானரோடு மண்டியிட்டிருந்தான்.

மாபெங்கு சட்டியைக் கீழே வைத்தார். "இது யாரு?" என்றார்.

லுங்கேலோ எழுந்து நின்றான். "இதுதாம்மா ரோபோ. என் படத்துல வர்ற ரோபோ. உங்க ரோபோ இல்ல. எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது."

அவர் என்னைச் சுற்றி வந்தார். வயிற்று டேங்கை விரலால் தட்டினார். என் முகத்துக்கு நேரே வந்து, கண்ணாக வைத்திருந்த காரின் பின்விளக்கு இரண்டையும் பார்த்தார்.

"இது ஆளக் கொல்லுமா?"

"கொல்லும்மா" என்றான் லுங்கேலோ, கேட்டும் கேட்காததுமான குரலில்.

"கொல்றப்ப கண்ணு செவப்பாவா இருக்கும்?"

"ஆமாம்மா."

"செவப்பா இருந்தா யாரும் நின்னுருவாங்களே, தம்பி. பச்சையா இருந்தாத்தான் நம்பிப் போவாங்க."

அவர் ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்தார். அழவில்லை.

"என் புள்ளையக் கொன்னது மனுசன் இல்லன்னு எழுதிக் குடுத்தாங்க. மெஷின்னாங்க. மெஷின யாரு போயி கேக்குறது? நீ மெஷினு ஆளக் கொல்ற கதை எடுக்குறங்கற. அப்ப இது அவ கதைதான். நான் வர்றேன். ஆனா ஒண்ணு. அவ பேரு வரணும். இந்த ஊர்ல கொன்னதோட பேரு எல்லார் வாயிலயும் இருக்கு. செத்தவ பேரு யார் வாயிலயும் இல்ல."

லுங்கேலோ தலையாட்டினான். ரோபோவுக்குள் நான் அழுதுகொண்டிருந்தேன், துடைக்கக் கை எட்டவில்லை. போகும்போது அவர் என் தகரத் தலையைப் பார்த்து, "உள்ள இருக்குறது பேகிதானே? தட்டுன லட்சணத்தப் பாத்தாலே தெரியுது" என்றார். எத்தனை வருஷம் கழித்து அந்த வாய்.

ரோபோவுக்குப் பச்சைக் கண் வைத்தேன். பீர் பாட்டிலின் அடியை வெட்டி, பின்னால் டார்ச் பல்பு. ஞாயிற்றுக்கிழமை காலை, ஊர் சர்ச்சில் இருக்கும் நேரத்தில் நாற்சந்தியில் கடைசிக் காட்சி. வுகானியின் அரை உடம்பை ஒரு சுவருக்குப் பின்னால் நிறுத்தினார்கள். என்னைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கினார்கள். காட்சி இதுதான்: நான் நடந்து வரவேண்டும், மாபெங்கு பயந்து ஓடவேண்டும், நான் குருட்டுக் கம்பத்தருகே அவரைப் பிடித்துத் தள்ளவேண்டும்.

நடந்தேன். ஆரஞ்சுச் சட்டை போட்டு அவர் நடுவில் நின்றிருந்தார். நெருங்க நெருங்க, கண்ணுக்கு விட்டிருந்த ஓட்டை வழியே அவர் மட்டும்தான் தெரிந்தார். அவர் ஓடவில்லை. கையை நீட்டினார். உள்ளங்கை முழுசாக என் முகத்துக்கு நேரே.

"நில்லு. இது ஸிபுயிலே நடக்குற ரோடு."

சத்தமே போடவில்லை. தினமும் பிள்ளைகளைச் சாலை கடக்க விடும்போது பேசுகிற குரல்தான். என் கால் நின்றுவிட்டது. நிற்கவேண்டும் என்று நான் நினைக்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன், கால் தானாக நின்றது. எனக்கு வலப்பக்கம் பிரேக் பிடிக்கிற சத்தம் கேட்டது. படத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு கரும்பு லாரி அவர் கையைப் பார்த்து நின்றிருந்தது. எதிர்ப்பக்கம் ஒரு காரும் நின்றது. லாரிக்காரன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான். என் வாழ்நாளில் நான் பெரிய சர்ச்சுகளைப் பார்த்திருக்கிறேன், கடல் கொந்தளிப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கைக்கு முன்னால் நின்றபோது வந்த நடுக்கம் எங்கேயும் வந்ததில்லை. என் பச்சைக் கண்ணை அணைக்கிற பொத்தான் கைக்குள்ளே இருந்தது. அதை அழுத்தினேன். லுங்கேலோ கேமராவை நிறுத்தவில்லை, தள்ளச் சொல்லவும் இல்லை.

படத்தைப் பள்ளிக்கூட ஹாலில் ஜன்னல்களுக்குப் போர்வை கட்டிப் பகலிலேயே போட்டார்கள். ஒரே ரோபோ நூறு முறை கேமராவைக் கடந்து போனதைப் பார்த்துச் சிரித்தார்கள். மதிலுக்குப் பின்னால் வுகானி வந்தபோது, "அண்ணே, கால அடகு வச்சிட்டீங்களா" என்று ஒருத்தி கத்தினாள். பச்சைக் கண் முதல்முறை எரிந்தபோது பெரியவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். அந்தக் கை நீண்டபோது ஒருவர் எழுந்து நின்றார், பிறகு இன்னொருவர், பிறகு எல்லோரும். யார் எழச் சொன்னார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மாபெங்கு மட்டும் உட்கார்ந்தபடி, திரையில் தன் வாய் அந்தப் பேரைச் சொல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் முழுக்கத் தெருவில் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கையை நீட்டி, "நில்லு, இது ஸிபுயிலே நடக்குற ரோடு" என்று விளையாடிக்கொண்டிருந்தார்கள். ரோபோவாக இருக்கிறவன் நிற்கவேண்டும், அதுதான் ஆட்டம்.

நாற்சந்தி விளக்கு இன்றைக்கும் எரியவில்லை. படமும் வேறு ஊருக்குப் போய் ஓடவில்லை. ஆனால் ஒரு மாலை நான் வுகானியின் டாக்ஸியில் பின்சீட்டில் நசுங்கிக்கொண்டு வந்தேன். மாபெங்கு முன்பக்கம், மடியில் மாவு மூட்டையோடு. வழக்கம்போலப் பள்ளிக்கூடம் வரை போய்த் திரும்பி நடப்பார் என்று நினைத்தேன். நாற்சந்தி நெருங்கியபோது எனக்குப் பக்கத்தில் இருந்த சிறுமி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே குரல் கொடுத்தாள். முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று அவள் பார்க்கவில்லை.

"டிரைவர் அண்ணே, ஸிபுயிலே கிட்ட நிறுத்துங்க."

வுகானி எந்த இடம் என்று கேட்கவில்லை. கண்ணாடியில் மாபெங்குவை ஒருதரம் பார்த்துவிட்டு, கம்பத்தை ஒட்டி வண்டியை நிறுத்தினான். சிறுமி இறங்கினாள்.

"இருப்பா, கதவச் சாத்தாத" என்றார் மாபெங்கு. "நானும் இங்கதான் எறங்கணும்."