காவல்காரருக்கு வந்த குரல்

அந்த அக்காவுக்கு வேலை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது. "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று நாள் முழுக்க ஒரே பாட்டு. முகங்கள் அவளுக்கு நினைவில் நிற்பதில்லை, விலா எலும்புகள் நிற்கும். லீவு கிடைத்தால் கதை நடத்தப் போய்விடுவாள். மேஜையைச் சுற்றி நாலு பேரை உட்காரவைத்து ஆளுக்கொரு வேஷம் கொடுப்பாள். கதவை உடைக்கிறேன், ஓடுகிறேன் என்று அவர்கள் சொல்ல, பலித்ததா இல்லையா என்று பகடை சொல்லும். கதையில் எதிர்ப்படும் மற்ற எல்லாருக்கும் அவள்தான் வாய். இந்த விளையாட்டுக்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை கூடும் மாநாட்டில் 'எக்ஸ்ரே அக்கா மேஜை' என்றால் இடம் பிடிக்க முட்டி மோதுவார்கள்.

"வேலைக்குப் போனா எலும்பைப் பாக்குறே, லீவு விட்டா பேயைப் பாக்குறே, என்னை எப்போ பாக்கப் போறே?" என்பது அவள் புருஷனின் தீராத புகார்.

அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பூட்டிய வீட்டுக் கதை. பழைய கடிகாரம் ஒன்றைத் திருட நாலு திருடர்கள் அந்த வீட்டுக்குள் நுழைகிறார்கள். உள்ளே வயதான காவல்காரர் ஒருவர் மட்டும் இருக்கிறார். கதைக்கு உயிரே அவர் குரல்தான். கரகரப்பான குரல். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு நின்று, மெல்லிய சீழ்க்கையோடு திரும்ப வரும். அதை அவள் யாரையும் பார்த்துப் பழகவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் தம்பி கல்யாணத்துக்கு வெளியூர் போன வேனில், பொழுது போகட்டுமே என்று சொந்தக்காரர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டு வந்தபோது தானாக வந்த குரல் அது. வேனில் சளசளப்பு சட்டென்று நின்றது. "தொண்டைக்கு என்னடி ஆச்சு? தண்ணியக் குடி" என்றாள் சித்தி. பிறகு ஒருநாள் விளையாட்டாக அடுப்படியிலிருந்து அதே குரலில் புருஷனைக் கூப்பிட்டாள். அவர் சிரிக்கவில்லை. அந்த ஆளை வீட்டுக்குள் கூட்டிவராதே என்று மட்டும் சொன்னார்.

இந்த வருஷ மாநாட்டுக்கு ஒரு கண்காட்சிக் கூடத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். பக்கத்து வரிசையில் சீட்டுப் போட்டிக்காரர்களின் கூச்சல். அவள் மேஜையில் காலையில் ஒரு நாற்காலி காலி. வரவேற்பில் இருந்த பையன், மந்திரவாதி அங்கிகள் தைத்து விற்கக் கடை போட்டிருந்த ஒரு தையல்காரியைக் கையோடு அழைத்து வந்தான். வியாபாரம் சூடு பிடிக்கும்வரை சும்மாதானே இருக்கீங்க, உட்காருங்க என்று உட்காரவைத்தான். நாற்பது வயதிருக்கும். பகடையை எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. மற்ற மூவரும் கல்லூரி நண்பர்கள், சொல்லிக் கொடுத்தார்கள்.

திருடர்கள் நாலு பேரும் மாடிப்படி அடியில் வந்து நின்றார்கள். அக்கா காவல்காரரானாள்.

"யாரு... மெதுவா ஏறுங்க. மூணாவது படி... ஆடும்."

தையல்காரியின் கையிலிருந்து பகடை நழுவி உருண்டு கீழே போனது. அவள் குனியவில்லை. மற்றவர்கள் அது என்ன எண் என்று மேஜைக்கடியில் தேடிக்கொண்டிருக்க, அவள் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் வாயையே பார்த்தாள். பிறகு மிகத் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"யாருக்காகக் காத்திருக்கீங்க?"

இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. கதையில் அதற்குப் பதிலும் இல்லை. எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று அக்கா வாயைத் திறந்தாள்.

"பொத்தான் வந்துட்டாளா?"

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. பொத்தானாவது, வருவதாவது! கல்லூரிப் பையன் ஒருவன் இது துப்பு என்று நினைத்து, தன் வேஷக்காரன் சட்டையில் பொத்தான் இருக்கிறதா என்று கேட்டான்.

"வந்துட்டேன்" என்றாள் தையல்காரி. "பஸ் லேட்டு."

அக்கா உதட்டை இறுக்கிக்கொண்டாள். தொண்டைக்குள் காற்று நின்று, சீழ்க்கையோடு திரும்பியது.

"சாப்டியா?"

"சாப்டேன்."

"சரி. அப்ப நான்... படுக்குறேன்."

அவ்வளவுதான். தொண்டையிலிருந்து யாரோ விரலை எடுத்த மாதிரி இருந்தது. அக்கா இடைவேளை என்று சொல்லி எழுந்துவிட்டாள்.

கூடத்தின் பின்பக்கம், காலி அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்துக்குத் தையல்காரி பின்னாலேயே வந்தாள். அழவில்லை. அது தன் அப்பாவின் குரல் என்றாள். சின்ன வயதில் பொத்தானை விழுங்கியதால் அவர் தனக்கு வைத்த பேர் அது. தன் கல்யாணத்துக்கப்புறம் யார் எதிரிலும் அப்படிக் கூப்பிடக் கூடாது என்று சண்டை போட்டு நிறுத்தினாளாம். வீட்டு மூன்றாவது படியை அவர் கடைசிவரை சரிசெய்யவில்லை. நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தவரைப் பார்க்க அவள் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோதே உயிர் போய்விட்டது. எந்த ஆஸ்பத்திரி என்று அக்கா கேட்டாள். அக்கா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிதான்.

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இதுதானா விஷயம்! படம் எடுக்க வந்த இடத்தில் மனுஷன் பேசியிருப்பார், காதில் விழுந்தது மனசில் ஒட்டிக்கொண்டது.

"அன்னைக்குக் காலையில அப்பாவுக்கு எக்ஸ்ரே எடுத்தாங்கன்னு நர்ஸ் சொன்னாங்க" என்றாள் தையல்காரி. "நீங்கதான் எடுத்தீங்களா?"

"நான்தான் எடுத்திருப்பேன். என்னைக்கும்மா அது?"

"லிஃப்ட்ல புகை வந்து மூடி வச்சிருந்தாங்களே, அந்த வாரம். ஸ்ட்ரெச்சரைப் படியில தூக்கிட்டு எறங்கினாங்க."

லிஃப்ட் புகைந்த கதையை அக்கா நேரில் பார்த்ததில்லை. திரும்பி வந்த பிறகு கூட வேலை பார்க்கிறவர்கள் சொல்லிக் கேட்டது. அந்த வாரம் முழுக்க அவள் தம்பி கல்யாணத்தில் இருந்தாள். அந்த மனுஷன் இங்கே மகளுக்காகக் காத்துக்கொண்டிருந்த வேளையில், அக்கா எங்கோ தொலைவில் ஒரு வேனில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

தையல்காரி அவள் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

"நான்தாம்மா எடுத்தேன்" என்றாள் அக்கா. "உங்களைப் பத்தித்தான் பேசிக்கிட்டே இருந்தாரு."

தையல்காரி தலையை ஆட்டினாள். அக்காவின் கையை ஒருமுறை பிடித்துவிட்டு, கடையில் ஆள் நிற்கிறது என்று போய்விட்டாள்.

மத்தியானம் வேறு நாலு பேர். படி அடியில் வந்து நின்றார்கள். அக்கா வாயைத் திறந்தாள், வெறும் இருமல்தான் வந்தது. வேறு வழியில்லாமல் வீட்டில் யாருமே இல்லை என்று சொல்லி நடத்தினாள். வெறும் வீடு இன்னும் பயங்கரம் என்று அவர்கள் மெச்சிக்கொண்டே போனார்கள்.

பூட்டிய வீட்டை அதோடு விட்டுவிட்டாள். மாநாட்டு வரவேற்புப் பையன் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தான். இப்போது ஒரு கப்பல் கதை நடத்துகிறாள். அதில் மாலுமி, கொள்ளைக்காரன், ராணி எல்லாருக்கும் அவள் சொந்தக் குரல்தான். முன்னைப் போல இல்லை என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். புருஷனுக்கு மட்டும் பரம திருப்தி.

ஆஸ்பத்திரியில் படம் எடுக்கும்போது தேவைக்கு மேல் அவள் பேசுவதில்லை. எப்போதாவது மூச்சு வாங்கும் யாராவது, பையன் வந்துக்கிட்டிருக்கான், மக கிளம்பிட்டா என்று ஆரம்பித்தால், காதில் விழாத மாதிரி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய், மூச்சைப் பிடிக்கச் சொல்கிறாள்.