முழு வட்டம் கேட்டவன்

மயிலாப்பூர் போகிறவன் கன்னிமடத்து அப்பத்தைத் தின்னாமல் வரக்கூடாது என்று மதுரையில் நண்பன் சொல்லிவிட்டான். அதனால்தான் கைரிக்‌ஷாவிலிருந்து இறங்கி, இந்த வெயிலில் மடத்துச் சுவரோரம் நிற்கிறேன். சுவரில் ஒரு மரச் சுழல்பெட்டி. பாத்திரத்தை வைத்தால் உள்ளே போகிறது, நிரம்பித் திரும்புகிறது. கொடுக்கிற கன்னியாஸ்திரீயின் முகம் தெரிவதில்லை. முகம் காட்டாத இடத்தில் வாங்கித் தின்ன எனக்குப் பயம்.

"இதுல முட்டை இருக்குமா?" என்று முன்னால் நிற்கும் மீன்காரம்மாவிடம் கேட்கிறேன்.

"வெறும் மாவும் தண்ணியும்தான் நைனா. மாதா கோயில் பூசைக்கு வட்டமா வெட்டிக்கினு, மீந்த ஓரத்த நம்பளுக்குக் குடுக்குறாங்க."

ஓரமா? வெளியூர்க்காரன் தலையில் கழிவைக் கட்டப் பார்க்கிறார்களா? பெட்டியருகே குனிந்து, "எனக்கு முழு வட்டமாவே குடுங்க சிஸ்டர்" என்கிறேன்.

பெட்டி நின்றுவிடுகிறது.

"வட்டம் பலிபீடத்துக்கு மட்டும்தான். உங்களுக்கு எதுக்கு அது?" உள்ளிருந்து வரும் குரலில் என்னுடையதைவிடச் சந்தேகம் அதிகம்.

மீன்காரம்மா கூடையைத் தள்ளி வைத்துக்கொள்கிறார். "இன்னா நைனா, பூசை அப்பத்த எடுத்துக்கினு போயி மந்திரம் கிந்திரம் பண்ற ஆளா நீ?"

"ருசி பார்க்கத்தாங்க!"

பெட்டி சுழல்கிறது. அதில் ஒரே ஒரு ஓரத்துண்டு.

"இங்கேயே சாப்பிடுங்க. அம்மா, நீங்க பார்த்துச் சொல்லுங்க."

வாயில் போடுகிறேன். காகிதம் மாதிரி அண்ணத்தில் ஒட்டுகிறது. ருசி என்று ஒன்றுமில்லை. மீன்காரம்மா என் தொண்டையையே பார்க்கிறார்.

"முழுங்கின மாதிரிதான் கீது சிஸ்டர்," என்கிறார். பிறகு என்னிடம், "எங்க, வாயத் தொற பாக்கலாம்."