ஆமைக்கு ஒரு ஓட்டு

திருநீர்மலை சாலையில் பியூட்டி பார்லர் நடத்தும் ஞானசௌந்தரிக்கு, அழகில்லாதவர் என்று உலகத்தில் யாரும் கிடையாது. இன்னும் ஃபேஷியல் செய்துகொள்ளாதவர்கள் உண்டு, அவ்வளவுதான். சர்க்கரைக்காக ஏரிக்கரையில் நடக்கப் போனவர், அங்கிருந்த ஏரி நண்பர்கள் குழுவிலும் சேர்ந்துவிட்டார். அதன்பிறகு நடை குறைந்தது, பேச்சு கூடியது.

சிறுசேரியிலிருந்து ஒரு மென்பொருள் நிறுவனம் ஏரிக்கு உதவ முன்வந்தது. ஆனால் அருகிவரும் உயிர் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் படம் டி-ஷர்ட்டில் வரும். குழுவின் செயலாளர் அரிகிருஷ்ணன் கூட்டம் போட்டார். எல்லோரும் மஞ்சமூக்கு நாரை என்றார்கள். சௌந்தரி மட்டும் ஏரி ஆமை என்றார்.

"நாரைக்கு றெக்கை இருக்கு சார். இங்க தண்ணி வத்தினா வேடந்தாங்கல் போயிடும். ஆமை இன்னா பண்ணும், பல்லாவரம் பஸ் ஏறுமா?"

ஆமைப் படம் போட்ட சட்டையை யார் போடுவார்கள் என்று கேட்டார் அரிகிருஷ்ணன். நாரைக்காக ஏரியைக் காப்பாற்றினால் ஆமையும் கூடவே பிழைத்துக்கொள்ளும் என்றார். அதிலும் நியாயம் இருந்தது. சௌந்தரி விடவில்லை. அரிகிருஷ்ணன் தினமும் மலையேறி ரங்கநாதரைச் சேவிப்பவர் என்பது தெரிந்து, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் சௌந்தரி, "பெருமாளே ஆமையா வந்தாரே சார்" என்றார்.

"அன்னமாவும் வந்திருக்காரும்மா" என்றார் அவர்.

ஆமைக்கு ஒரே ஒரு ஓட்டு விழுந்தது.

நாரை பார்க்க வருகிறவர்களுக்காகக் கரையைச் சுற்றிக் கல் பதிக்கத் திட்டம் வந்தது. சௌந்தரி நேராக அரிகிருஷ்ணன் வீட்டுக்குப் போனார். கல்லில் ஆமை எப்படிக் குழிதோண்டி முட்டையிடும் என்று கேட்டார். இதை யோசிக்கவே இல்லை என்று அரிகிருஷ்ணன் ஒப்புக்கொண்டார்.

அவரே நிறுவனத்தோடு மல்லுக்கட்டி, மேற்குக் கரையை மண்ணாகவே விட வைத்தார். செருப்பெல்லாம் சேறு என்று நடக்கிறவர்கள் திட்டினார்கள். ஆமைக்காக விட்டது என்று சொல்லக் கூச்சப்பட்டு, வேலை பாக்கியிருக்கிறது என்றே சொல்லிவந்தார்.

அந்த ஐப்பசி மழையில் ஏரி தளும்பியது. பார்லர் வாசலில் தண்ணீர் ஏறியது; கூடவே ஓர் ஆமையும் உள்ளே வந்தது. முகமெல்லாம் பச்சைப் பூச்சோடு உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர் புஷ்பலதா, கடைக்கு ஆகாது, துரத்துங்கள் என்றார். அதற்குள் சௌந்தரி பக்கத்து நாற்காலிமேல் ஏறி நின்றிருந்தார். ஆமையை இவ்வளவு கிட்டத்தில் அவர் பார்த்ததே இல்லை.

"சார், உடனே வாங்க" என்றார் போனில். "அது என்னையே பாக்குது."

அரிகிருஷ்ணன் வாளியோடு வந்து, ஆமையை அலுங்காமல் தூக்கி அதற்குள் வைத்தார். மேற்குக் கரைக்கு இருவருமாக நடந்தார்கள். சௌந்தரி எட்ட நின்றே கையை நீட்டி வாளிக்குக் குடை பிடித்தார். அரிகிருஷ்ணன் நனைந்துகொண்டே போனார்.