பெரட்டில் ஊதிக் காட்டிய வாய்

நான் குடித்தவள். இதைச் சொன்னால் என் பிள்ளைகளே வாயைப் பொத்து என்கிறார்கள். எதற்குப் பொத்த வேண்டும்? மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில் லாபு பக்கம் எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் குடிக்காத ஆம்பளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். குடித்த ஆம்பளைகளைப் பற்றி யாரும் குசுகுசுவென்று பேசுவதில்லை.

என் புருஷனைச் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். பாலுக்காக மரத்தைக் கீறி வெட்டுவது நின்று, எங்களை மரவள்ளி நட விட்டிருந்தார்கள். அரிசி கண்ணில் படாது. முதலில் பசிக்குத்தான் கள் குடித்தேன். ஒரு கோப்பை உள்ளே போனால் வயிறு சும்மா கிடக்கும். பிறகு பக்கத்து லயத்து வீடுகளில் மரவள்ளிக் கிழங்கை ஊறப்போட்டுத் திருட்டுத்தனமாகச் சம்சு சாராயம் காய்ச்சினார்கள். அதை நான் பசிக்குக் குடித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் கை நடுங்கியது. என்னை நானே வெறுத்தேன், வெறுத்துக்கொண்டே குடித்தேன்.

ஒரு மத்தியானம் நான் போதையில் கிடந்தபோது, என் இரண்டு வயது மகள் அடுப்புக் கொள்ளியைப் பிடித்துவிட்டாள். உள்ளங்கை வெந்துபோயிற்று. அந்தக் குற்றம் என்னுடையது. ஜப்பான்காரன் தலையில்கூட அதைப் போட மாட்டேன்.

சேதி கேட்டு மம்பாவ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து என் மூத்தார், அதாவது புருஷனின் அண்ணன் வந்தார். கோயிலுக்கு முன்னால் நாலு பேரைக் கூட்டினார். தம்பி பிள்ளையைத் தான் கொண்டுபோய் வளர்க்கப்போவதாகச் சொன்னார். எங்களை வேலை வாங்கும் மண்டோர்தான் இரக்கப்பட்டு ஒரு வழி காட்டினார்.

“சூடத்தை அணைச்சு சத்தியம் பண்ணிடும்மா. இனிமே தொடமாட்டேன்னு சொல்லு. அப்புறம் பார்க்கலாம்.”

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்வது எங்கள் வழக்கம். அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அப்படி அணைத்தவர்கள்தாம். அடுத்த வாரமே கள்ளுக்கடையில் போய் நின்றவர்களும்தாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நான் அணைக்கமாட்டேன். நீங்க அணைச்ச லட்சணம் எனக்குத் தெரியும் லா. நாளையிலேருந்து ஒரு மாசம் பெரட்டுல வாயை ஊதிக் காட்டுறேன். பொம்பளைங்க மோந்து பார்க்கட்டும். அதுவரைக்கும் பிள்ளை என்கிட்டதான் இருக்கும்.”

பின்னால் நின்ற பெண்கள்தான் முதலில் சரி என்றார்கள்.

காலையில் வேலைக்குப் போகுமுன் எல்லாரும் கூடி நிற்க, கணக்கெழுதும் கிராணி பேர் வாசிப்பதுதான் பெரட்டு. என் பேர் வந்ததும் வெளியே வந்து ஊதுவேன். அடுத்த வீட்டுப் பெண்கள் இருவர் மோந்து பார்ப்பார்கள். ஆம்பளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துத் தொலையட்டும். எனக்கு வாந்தி வந்தது, உடம்பெல்லாம் வியர்த்தது. கிழங்குக்குக் குழி வெட்டும்போது மண் முழுக்கப் பூச்சி நெளிவதாகத் தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டு வெட்டினேன்.

பதினோராம் நாள் சாயங்காலம் தோற்றுப்போனேன். மறுநாள் பெரட்டில் யாரும் மோந்து பார்க்குமுன் நானே சொன்னேன்.

“நேத்து குடிச்சிட்டேன். இன்னையிலேருந்து மறுபடி ஒண்ணு.”

“சரி, ஒண்ணு” என்றாள் மோந்து பார்க்க வந்தவள்.

அது எப்படியோ மம்பாவுக்கு எட்டிவிட்டது. அடுத்த நாள் நான் ஊதி முடித்து நிற்கும்போது மூத்தார் பெரட்டுக்கே வந்துவிட்டார். என் இடுப்பில் இருந்த பிள்ளையின் தோளைப் பிடித்தார்.

“குடிகாரிகிட்ட என் தம்பி பிள்ளைய விடமாட்டேன்!”

அவர் பேசப் பேசக் கள் வாடை என் முகத்தில் அடித்தது. எனக்குப் பயம் போயே போய்விட்டது.

“நான் ஊதிட்டேன் மாமா. பிள்ளைய வளர்க்கப்போறது நீங்கதானே? இப்ப நீங்க ஊதுங்க.”

கையை ஓங்கினார். மோந்து பார்க்கும் பெண்கள் இருவரும் மண்வெட்டியும் கையுமாக வந்து அவருக்கு முன்னால் நின்று மூக்கை நீட்டினார்கள். அவர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். பிள்ளையின் தோளை விட்டார். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்ல வாயைத் திறக்காமல் நடையைக் கட்டினார்.

அன்று எனக்கு இரண்டாம் நாள்.