சாந்தாமணி அக்கா தேடிப்போன குழாய்

சாந்தாமணி அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி கம்பெனியின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. பூ வளையத்துக்குள் அவர் படம். கீழே, "எங்கள் குடும்பத்தின் ஒளிவிளக்கு அணைந்தது" என்று ஒரு வரி. அனுப்பியவர் எங்கள் முதலாளி. அந்த விளக்கைக் கடைசி வருடங்களில் ஸ்டோர் ரூமில் போல்ட்டும் நட்டும் பிரிக்க உட்கார வைத்தவரும் அவர்தான். வேலந்தாவளத்தில் டீக்கடை முன்னால் நின்றிருந்தேன். கையிலிருந்த டீயைக் கீழே ஊற்றிவிட்டு வண்டியை எடுத்தேன்.

மாரடைப்பு. ஐம்பதைத் தாண்டி அதிக நாள் ஆகவில்லை. அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். படித்து முடித்ததும் உங்களில் சிலருக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும்.

பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் எங்கள் கம்பெனிக்குச் சாலையோரம் குழாயும் கேபிளும் பதிக்கிற வேலை. தோண்டும் முன் மண்ணுக்கடியில் ஏற்கெனவே என்ன ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கொரு கைக்கருவி உண்டு. லொக்கேட்டர் என்போம். ஒரு சிறு பெட்டியிலிருந்து குழாயில் சிக்னல் ஏற்றிவிட்டு, துடுப்பு போன்ற இன்னொன்றைத் தரையை ஒட்டிப் பிடித்தபடி நடப்பார்கள். குழாய்க்கு நேர் மேலே வந்தால் சத்தம் ஏறும், விலகினால் இறங்கும். சிவில் டிப்ளமோ முடித்த அக்காவுக்கு அந்த வேலை. அவர் குறித்துத் தருவதை வரைபடமாக்குவது என் வேலை.

இனிமையானவர் என்று இப்போது பலரும் எழுதுகிறார்கள். பொய். சிடுசிடுப்பானவர். ஒருமுறை, அவர் பார்த்து முடிக்கும் முன்பே தோண்டச் சொல்லிச் சூப்பர்வைசர் அவசரப்படுத்தினார். மண் அள்ளும் இயந்திரத்தில் ஒடிசாவிலிருந்து வந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். அக்கா நேராக இயந்திரத்தின் முன்னால் போய் நின்றார்.

"கீழ கரண்டு கேபிளு போகுதுங்க. தோண்டியே ஆகோணும்னா அவரை எறக்கி உட்டுட்டு நீங்க ஏறி உக்காருங்க."

சூப்பர்வைசர் கெட்ட வார்த்தையில் திட்டினார். ஆனால் ஏறவில்லை. அக்காவும் குறித்து முடிக்கும்வரை நகரவில்லை.

அவர் ஊர் வேலந்தாவளத்துக்கு அருகில்தான். அங்கே ஆழ்குழாய்த் தண்ணீர் கெட்டுப்போனது. குடத்தில் பிடித்து வைத்தால் மேலே எண்ணெய்போல ஒரு படலம் மிதக்கும். பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. பஞ்சாயத்தில் புகார் கொடுத்தார்கள். யாரோ வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனதோடு சரி. அந்தக் கோடையில் ஊருக்கு வெளியே இருந்த பாழுங்கிணற்றில் மட்டம் இறங்கியபோது, பக்கச் சுவரில் ஓர் இரும்புக் குழாயின் வாய் தெரிந்தது. அதிலிருந்து கறுப்பாக ஏதோ வடிந்துகொண்டிருந்தது.

முதலாளியிடம் கேட்டுக் கருவியை வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா அங்கே போனார். நானும் போனேன். கிணற்றுப் படியில் இறங்கி, குழாயைப் பூசியிருந்த கசடைக் கையால் வழித்தெறிந்துவிட்டுச் சிக்னல் பெட்டியின் கிளிப்பை மாட்டினார். அழுகிய முட்டையும் பெயிண்டும் கலந்தது போன்ற நாற்றம். மேலே ஏறி நடக்கத் தொடங்கினார். சத்தத்தைப் பின்பற்றி மஞ்சள் பெயிண்டில் புள்ளி வைத்தபடி நான் போனேன். தென்னந்தோப்புக்குள் புகுந்து, சாலையைக் கடந்து, ஒரு தொழிற்சாலையின் பின்சுவரில் போய்ப் புள்ளிகள் நின்றன. பின்னால் வந்த ஊர்க்காரர்கள் வாயில் துணியைப் பொத்திக்கொண்டு அந்தச் சுவரையே பார்த்தார்கள். அன்று முழுக்க அக்கா சோப்புப் போட்டுப் போட்டுக் கை கழுவினார். மதியம் சாப்பிடவில்லை.

அடுத்த வாரமே தொழிற்சாலையிலிருந்து ஆள் வந்தது. தினமும் ஒரு லாரி தண்ணீர், கோயில் விழாவுக்குச் சாப்பாடு, சில பையன்களுக்கு வேலை என்று தரத் தொடங்கினார்கள். வார்டு மெம்பர் அக்கா வீட்டுக்கு வந்தார்.

"ஏனுங்க்கா, அவிங்களும் எறங்கி வந்துட்டாங்க. இத்தோட உட்ருங்க."

"அந்தக் கெணத்துத் தண்ணியில ஒரு வாய் குடிங்க மெம்பரே. நானும் உட்டர்றேன்."

மெம்பர் எழுந்து போய்விட்டார். மறுநாள் சாலையிலிருந்த மஞ்சள் புள்ளிகளின் மேல் சுண்ணாம்பு அடித்திருந்தது. அடித்தவர்கள் வெளியாட்கள் இல்லை, ஊர்ப் பையன்கள்தான். அந்தத் தொழிற்சாலை எங்கள் கம்பெனிக்கு வேலை கொடுக்கிற இடம். முதலாளி கருவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு அக்காவை ஸ்டோருக்கு மாற்றினார்.

அக்கா விடவில்லை. பாலக்காட்டில் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். கடைசியில் அதிகாரிகள் வந்த நாளில், கோயம்புத்தூரில் தெரிந்தவரிடம் இரவல் வாங்கிய கருவியோடு அதே வழியில் மறுபடி நடந்தார். தோண்டினார்கள். குழாய் அங்கேயே கிடந்தது. வெட்டி அடைத்தார்கள். அன்றோடு தண்ணீர் லாரியும் நின்றது. பக்கத்து வீட்டுப் பெண் காலிக் குடத்தோடு வந்து நின்றார்.

"லாரி நின்னு போச்சுங்க்கா. இனி நீங்க வந்து ஊத்துவீங்களா?"

மெல்ல மெல்லத் தண்ணீர் தெளிந்தது. அப்போதும் யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது ஊர் முகப்பில் ஃபிளெக்ஸ் பேனர் தொங்குகிறது: "நீருக்காகப் போராடிய வீரமங்கை." அதில் மெம்பரின் படம் அக்கா படத்தைவிடப் பெரிது. சாவு வீட்டில் முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். தொழிற்சாலையின் பெயர் போட்ட ரிப்பனோடு ஒரு மலர் வளையமும் வந்தது. அக்காவின் மகள் எழுந்து வந்து, அம்மாவின் காலடியில் இருந்த அந்த வளையத்தைத் தூக்கிக்கொண்டு போய் வெளிவாசலில் சாக்கடை ஓரமாக வைத்தாள்.

"அம்மாவுக்கு இந்த வாசம் ஆகாதுங்க" என்றாள், யாரையும் பார்க்காமல்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது எது என்று யோசித்துப் பார்க்கிறேன். ஸ்டோர் ரூமின் பின்னால் எந்நேரமும் கழிவுநீர் தேங்கி நிற்கும். "போகப் போகப் பழகிரும்க்கா" என்று ஒருநாள் அவரிடம் சொன்னேன். "பழக உடாதே கண்ணு. பழகிட்டா அப்பறம் சோறு எது, சாக்கடை எதுன்னு தெரியாது" என்றார். இன்று காலை கஞ்சிக்கோட்டில் வேறொரு தொழிற்சாலையின் சுவரைத் தாண்டும்போது நாற்றம் அடித்தது. பின்னால் உட்கார்ந்திருந்த நண்பர், "இங்க எப்பவும் இப்படித்தானுங்க, போங்க" என்றார். நான் வண்டியை ஓரம் கட்டி இறங்கினேன்.